யாகப்பரின் முழங்கால்

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: அந்தக் கதை நடந்ததல்ல, நான் எழுதியது. வீட்டு வாசலிலிருந்து கால்பந்து மைதானம் வரை உள்ள பத்து நிமிட நடையில் மனனம் செய்ய முடியாத அளவுக்கு அது நீளமானதல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுத்தவனுக்கு, ஞாயிறுதோறும் கோயிலில் மறைக்கல்வி சொல்லித் தந்தவனுக்கு, பொய்யின் தன்மை குறித்து எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்திப் பேசியவனுக்கு, உண்மையைச் சொல்லும் முறை தெரியாதிருக்க நியாயமில்லை. முழங்கால். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அங்கேயே போய் நிற்கிறது. மணி மூன்றரை, ஆட்டம் நான்கு மணிக்கு. இன்று காலைப் பூசை முடிந்ததும் பிறிசில்லா, எங்கள் ஊர் அணியில் ஆடும் ஜெரோனின் மனைவி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் என்னை நிறுத்தினாள். "சாரே, நீங்க ஒருக்கா சொன்னா போதும், அவரு கேப்பாரு. மார்த்தாண்டத்து டாக்டரு மூட்டுக்குள்ள சவ்வு பாதி கிழிஞ்சிருக்குன்னு படம் எடுத்துக் காட்டியாச்சு. இன்னும் ஒருக்கா திரும்பினா மிச்சமும் போயிருமாம். பெறகு ஒரு வருசத்துக்கு கடல்ல, வள்ளத்துல நிக்க முடியாதுங்காரு. ஆனா இவரு ஊசி போட்டுட்டு ஆடுவேன்னு நிக்காரு. கேட்டா உங்க யாகப்பரு கதைய எடுத்துக் காட்டுதாரு." உங்க யாகப்பரு என்றாள். அவள் குற்றம் சாட்டவில்லை; சாட்டியிருந்தால் நான் சற்று நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் நம்பினாள். தீயை மூட்டியவனிடமே தண்ணீர்க்குடத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவளைப் போல என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். இதோ, பாருங்கள், இப்போதும் உவமை. இந்தப் பழக்கம்தான், எதைக் கண்டாலும் அதிலிருந்து ஒரு பாடத்தைப் பிழிந்தெடுக்கும் இந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

கடற்கரைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கிறது, செருப்புக்குள் சூடு. எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் தொடக்கம் எங்கே என்று எனக்கு விளங்குவதில்லை. யாக்கோவ் பிராத்துலிச் என்ற பெயரை நான் முதலில் கண்டது பணி ஓய்வுக்குப் பிந்தைய மழைக்காலம் ஒன்றில், பழைய ஆட்டங்களின் காணொளிகளைப் பார்த்துக் கொண்டிருந்தபோது. குரோஷியாவின் தடுப்பாட்டக்காரர், உலகம் கொண்டாடிய பெயரல்ல, நாட்டு அணிக்காகப் பதினேழு ஆட்டங்கள் ஆடி, யாரும் கவனிக்காமல் ஓய்வுபெற்றவர். ஆடுகளத்துக்குள் நுழையும்போது குனிந்து புல்லைத் தொட்டுச் சிலுவை வரைந்துகொள்வார். எங்கள் ஊர்ப் பையன்களும் அப்படித்தான் வரைவார்கள், மணலைத் தொட்டு. அவருடைய ஊரும் கடலோரம், அவருடைய மக்களும் நம்மைப் போலவே மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் என்று எண்ணியபோது என் நெஞ்சில் ஒரு சொந்தம் ஊறியது உண்மை. அவர் பேரில் தமிழில் ஒரு முகநூல் பக்கம் தொடங்கினேன். யாக்கோவ் என்றால் நம் யாகப்பர்தானே, அப்படியே பெயர் வைத்தேன். முதலில் அறுபது பேர் படித்தார்கள். அவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதினேன். இடத்தை விட்டு நகராமல் நிற்பதன் பெருமையைப் பற்றி, எதிரியை வீழ்த்தாமல் பந்தை மட்டும் எடுப்பதன் கண்ணியத்தைப் பற்றி. "இளைஞர்களே, கோல் அடிப்பவனின் பெயரை உலகம் சொல்லும், கோலைத் தடுப்பவனின் பெயரை மனச்சாட்சி சொல்லும்" என்று எழுதிய நாளில் இருநூறு பேர் விரும்பினார்கள். இருநூறு பேர்! என் வகுப்பில் ஒருபோதும் நாற்பது பேருக்கு மேல் விழித்திருந்ததில்லை. அந்த எண்ணிக்கையை மறுநாள் காலை தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் தொடக்கமோ? ஒரு பாவத்தின் தொடக்கம் அத்தனை இனிப்பாக, அத்தனை சிறிதாக, ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிடுமோ?

பிறகு அந்த ஆட்டம். பழைய, மங்கலான காணொளி, மழை, அறுபதாவது நிமிடத்தில் யாக்கோவ் வழுக்கி விழுந்து வலது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார், எழுகிறார், நொண்டுகிறார். நான் கண்ட துணுக்கு அங்கே முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். இல்லை. முழு ஆட்டத்தையும் தேடிப் பார்த்தேன், எழுதுவதற்கு முன்பே பார்த்தேன், எழுதுவதற்கு முன்பே. மூன்று நிமிடம் கழித்து அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போல் அவரும் மழையைப் பார்த்துக் கொண்டிருந்தார். அதில் பாடம் எதுவும் இல்லை. ஆகவே நான் எழுதினேன்: மாற்றுவதற்குப் பயிற்சியாளர் கையைக் காட்டியபோது யாகப்பர் மறுத்துவிட்டார், ஏனென்றால் அவருடைய தந்தை அந்த நேரத்தில் ஆழ்கடலில் வலை இழுத்துக்கொண்டே வானொலியில் வருணனை கேட்டுக்கொண்டிருந்தார், மகனின் பெயர் வருணனையிலிருந்து நின்றுபோனால் நடுக்கடலில் அந்தக் கிழவரின் நெஞ்சு என்ன பாடுபடும், ஆகவே கிழிந்த முழங்காலோடு முப்பது நிமிடம் நின்றார், தந்தைக்குத் தன் பெயர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக நின்றார். எழுதி முடித்தபோது என் கண்ணே நிறைந்துவிட்டது. அவருடைய தந்தை ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர் என்று பழைய நேர்காணல் ஒன்றில் படித்திருந்தேன். சிமெண்ட் ஆலையில் கடல் இல்லை. மறைக்கல்வியில் இதைத்தானே செய்துவந்தோம். புனிதர்களின் வரலாறு எங்கே மௌனமாகிறதோ அங்கே ஒரு ரொட்டித் துண்டையோ, குளிரில் நடுங்கும் ஏழையையோ சேர்த்து, பிள்ளைகளின் மனம் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு நட்டுவிடுவோம், யாருக்கும் கேடு வந்ததில்லை. ஆனால் புனிதர்கள் இறந்தவர்கள். இந்த மனிதர் உயிரோடிருக்கிறார் என்பதை நான் மறந்தேன். அதைவிடக் கேடு, கதையைக் கேட்பவர்களுக்கும் முழங்கால் உண்டு என்பதை மறந்தேன்.

"சாரே! எங்க இந்த வேகம்?" வலைக்கூடத்து நிழலில் வர்க்கீஸ், வாயில் நூல், மடியில் வலை. "குரோஷியாக்காரரு பதில் போட்டாச்சே, ஊரே பாத்தாச்சு! இனி உங்களுக்கு விசா எப்ப? போறப்ப எனக்கும் ஒரு துண்டு விரிச்சு வையுங்க." பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். "சாரு போனா அங்க உள்ள ஆளுவளையும் முட்டங்கால் போட வச்சிருவாரு, பாவப்பட்டவங்க." நானும் சிரித்தேன். சிரித்தேனே! முகம் தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. "ஜெரோன் வந்தாச்சா?" என்று கேட்டேன். "மத்தியானமே வந்தாச்சு. ஊசி போட்டுட்டு சிங்கம் மாதிரி இருக்கான். நீங்க கவலப்படாதீங்க சாரே, பத்து வருசமா நம்ம ஊருக்கு வராத கோப்ப இன்னைக்கு வந்துரும்." கவலைப்படாதீர்கள் என்று எனக்கே ஆறுதல். எத்தனை வீடுகளில் இதே சொல்லை இவர்களுக்கு நான் கொடுத்திருக்கிறேன்! வளைவில் திரும்பியதும் மைதானத்தின் ஒலிபெருக்கி கேட்கிறது, செவ்வியல் இசை போல ஒலிக்க முயலும் ஒரு பக்திப் பாடல், இடையிடையே "மைக் டெஸ்டிங்". கால் தானாகவே மெதுவாகிறது. ஏன் மெதுவாகிறாய்? நட. நாற்பத்தோராயிரம் பேர் இப்போது அந்தப் பக்கத்தில். வானொலிக் கதை ஒரு வாரத்தில் இந்தக் கரையின் இருபது ஊர்களையும் சுற்றிவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் போட்டார்கள். யாரோ அதைக் குரோஷிய மொழிக்கும் மாற்றிவிட்டார்கள். பிறகு எங்கள் பையன்கள் அவருடைய சொந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். பாவம், அந்தப் பக்கத்தில் அதுவரை ஒரு நாயின் படமும், சில பழமரங்களும், மூன்று நான்கு பேரின் விருப்பங்களும் இருந்தன. ஒரே நாளில் அதன் அடியில் ஆயிரக்கணக்கில் தமிழ். நெருப்பும் இதயமும் கும்பிட்ட கைகளும். "யாகப்பரே எங்களுக்காக ஆடும்" என்று ஒருவன். "அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று நூறு பேர். என் கதையின் வாக்கியம் அது. அதைச் சட்டையில் அச்சடித்தார்கள்.

அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். மூன்று வாரங்கள், சாப்பிட உட்காரும் வேளையிலும், மாதா மணி அடிக்கும் வேளையிலும், கைபேசி அதிரும்போதெல்லாம் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மறுத்துவிட்டால் என் மானம் போகும், ஆனால் நொண்டிக்கொண்டே பயிற்சிக்குப் போகும் ஜெரோன் ஆடாமல் உட்கார்ந்துவிடுவான். மறுக்கட்டும் என்று ஜெபித்தேனா? நேர்மையாகச் சொல்: மறுக்காமலிருக்கட்டும் என்றுதான் ஜெபித்தாய். அந்த ஜெபம் கேட்கப்பட்டது. நேற்று பிற்பகல் அவர் ஒரு காணொளி போட்டார். நரைத்த தாடி, பின்னால் வெள்ளைச் சுவர், நெருக்கமாக வைத்த முகம். கீழே யாரோ தமிழில் எழுத்துப் போட்டிருந்தார்கள். "இந்தியாவின் தெற்குக் கரையில் இருக்கும் நண்பர்களே" என்று தொடங்கினார். சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. கண்கள் ஒருமுறை பக்கவாட்டில் போய் வந்தன. பிறகு சொன்னார்: "ஆம். என் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வானொலி. ஆம், அப்படித்தான்." அந்தச் சற்று நேரத்தை நான் இருபது முறை பார்த்திருப்பேன். அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதன் ஒரு வாசலில் நிற்கிறான். ஒரு பக்கம் நாயும் மரங்களும் மூன்று விருப்பங்களும். மறுபக்கம் தன்னை அறியாத ஒரு கரை முழுவதும் தன் பெயரைச் சொல்லிக் கைகூப்பி நிற்கிறது. அவர் உள்ளே வந்துவிட்டார். வாசலைத் திறந்து வைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு தன் பெயரை யாரும் கூப்பிடாத வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? ஒரு நல்ல மனிதனை, தடுக்கும்போதுகூட எதிரியின் காலைத் தொடாத மனிதனை, பொய் சொல்ல வைத்துவிட்டேன். பிறரைப் பாவத்தில் விழச் செய்வது தானே விழுவதைவிடக் கொடியது என்று எத்தனை வகுப்பில் சொன்னாய், எந்தக் குரலில் சொன்னாய்.

ஒருவன் சுவரில் ஒரு கதவை வரைந்தான். மரத்தின் ரேகையும் பித்தளைப் பூணும் நிஜம் போலவே இருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் அழகைப் புகழ்ந்தார்கள். அவனும் ஒருவரிடமும் அது ஓவியம் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவை வரவில்லை. ஒருநாள் வீடு தீப்பற்றியது. புகைக்குள் எல்லாரும் அந்தக் கதவை நோக்கி ஓடினார்கள். வரைந்தவன் மட்டும் வேறு திசையில் ஓடினான், ஏனென்றால் அவனுக்கு மட்டும் தெரியும். சீ. நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நினைத்ததும், இதை எழுதினால் எத்தனை பேர் விரும்புவார்கள் என்று ஒரு மூலையில் கணக்குப் போட்டதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டன. என் குற்றத்தைக்கூட என்னால் நிர்வாணமாக வைத்திருக்க முடியவில்லை. உடனே அதற்கு ஒரு பட்டாடை. இறைவா, உவமை இல்லாத ஒரே ஒரு வாக்கியத்தை என் வாயில் வை. மைதான வாசலில் துணிப்பதாகை, பத்தடி உயரத்தில் யாக்கோவ், மழையில், முழங்காலைப் பிடித்தபடி. அதன் கீழே என் வாக்கியம். அதன் கீழே எங்கள் ஊர் அணி, நடுவில் கைகட்டி நிற்கும் ஜெரோன். படத்தில் அவன் கால்கள் மறைந்திருந்தன, முன்வரிசைக்காரர்கள் உட்கார்ந்திருந்ததால்.

ஆட்டக்காரர்கள் உடைமாற்றுவதற்குப் கோயிலின் பங்குப் பள்ளியில் ஏழாம் வகுப்பறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். தைல நெடி, வியர்வை, கரும்பலகையில் யாரோ வரைந்த ஆட்டத் திட்டம். ஜெரோன் பிள்ளைகளின் தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்து வலது முழங்காலில் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான், வள்ளத்துக் கயிற்றைச் சுற்றுகிற அதே கவனத்தோடு. அடுத்த வாரம் நாற்பது நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகிறவன்; இரவு பகலாக அலையில் ஆடும் வள்ளத்துத் தளத்தில் நின்று சுறாவை இழுக்கிறவன்; அவன் வீட்டில் நான்கு பேர் அந்த இரண்டு கால்களின்மேல் நிற்கிறார்கள். என்னைக் கண்டதும் எழுந்தான். எழும்போது இடது காலில்தான் எழுந்தான். "வாங்க சாரே. ஆசீர்வாதம் தரத்தானே வந்தியளோ?" கதவருகிலேயே நின்று சொன்னேன். "ஜெரோன், உட்காரு. ஒன்று சொல்ல வேண்டும். அந்த வானொலிக் கதை நடந்ததில்லை. நான் எழுதியது. அவரை மூன்றே நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். அவர் ஆடவில்லை." சொல்லிவிட்டேன். உவமை இல்லை, அலங்காரம் இல்லை, சொல்லிவிட்டேன். வகுப்பறை சிரித்தது. கோல்காப்பாளன் பெபின் முதலில் சிரித்தான். "பிறிசில்லாக்கா சாரைப் பிடிச்சாச்சுடே!" ஜெரோனும் சிரித்தான், ஆனால் அன்போடு, வயதானவரின் கைநடுக்கத்தைக் கண்டும் காணாதது போல் இருப்பவனின் அன்போடு. "சாரே, எனக்காகப் பொய் சொல்லுதியளா? அதுவும் நீங்க? அவரே நேத்து சொல்லியாச்சே. இந்தா பாருங்க." கைபேசியை எடுத்துக் காட்டினான். ஆம், என்றது அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் இருந்த நரைத்த தாடி. அப்படித்தான்.

நான் மீண்டும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். தந்தை சிமெண்ட் ஆலைக்காரர் என்றேன். "பெறகு அவரு எதுக்கு சாரே பொய் சொல்லணும்? அவருக்கு நம்மளால என்ன ஆகணும்?" என்றான் ஜெரோன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலை இருபத்தேழு வயதில், மைதானம் நிறைய தன் பெயர் ஒலிக்கையில், எவன் புரிந்துகொள்வான்? வெளியே செண்டை மேளம் தொடங்கிவிட்டது. அவன் குனிந்து காலணியின் கயிற்றை இறுக்கினான். என் உண்மை அங்கே பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்தது. அப்போது, நான் தேடாமலே, கூப்பிடாமலே, இன்னொரு கதை வந்தது. முழுவதுமாக வந்தது, தலையும் காலுமாக, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது உட்பட. வேண்டாம் என்று ஒரு குரல் சொன்னது, முழங்கால் என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டும் என் குரல்களே. "சரி ஜெரோன்," என்றேன். "உன்னிடம் மறைக்க முடியாது. இன்று காலை அவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்." அவன் கை கயிற்றில் நின்றது. "அந்த முப்பது நிமிடத்தோடு அவருடைய கால் முடிந்துபோயிற்று. இன்றுவரை சொந்த வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற முடியாது. தந்தை கரைக்கு வந்து மகனைப் பார்த்தார். அந்த வானொலியை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டார். சாகும்வரை அந்த வீட்டில் வேறு வானொலி வாங்கவே இல்லை. 'நான் கேட்காதிருந்தால் நீ உட்கார்ந்திருப்பாயே' என்று ஒரே ஒரு முறை சொன்னாராம்." கடைசி வாக்கியத்தில் என் குரல் உடைந்தது. நான் உடைக்கவில்லை, தானாக உடைந்தது. அல்லது நான்தான் உடைத்தேனோ, இனி எனக்கு அது தெரியப் போவதில்லை.

ஜெரோன் காலணியின் கயிற்றை அவிழ்த்தான். ஒவ்வொரு கண்ணியாக அவிழ்த்தான். "பெபினு, எனக்குப் பதிலா சஜுவ எறக்கு," என்றான், தலையை நிமிர்த்தாமலே. ஒருவரும் கேலி பேசவில்லை. அவர்கள் வெளியே போனார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது, ஜெரோனின் பெயர் அறிவிப்பில் வரவில்லை என்பதைக் கவனித்தவர்களிடமிருந்து ஒரு முனகலும் எழுந்தது. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் கண்ணைத் துடைத்தான். நான் ஒரு முழங்காலைக் காப்பாற்றினேன். நான்கு பேரின் சோற்றைக் காப்பாற்றினேன். காப்பாற்றியது எதைக் கொண்டு என்று கேட்காதே. கேள். கேட்காதே. "சாரே," என்றான் ஜெரோன், "அவரு வெளிய சொல்லாண்டாம்னு எழுதியிருக்கலாம். ஆனா நீங்க இத எழுதணும். என்னைய மாதிரி எத்தன பேரு நொண்டிட்டே ஆடுதானுவ, தெரியுமா? இன்னைக்கே எழுதுங்க. நான் உக்காந்து பாக்கேன்." அவனுடைய முகத்தில் பிறிசில்லாவின் முகத்தில் காலையில் கண்ட அதே நம்பிக்கை. கைபேசியை எடுத்தேன், மறுக்க ஒரு காரணம் தேடினேன், என் வசம் இருந்த ஒரே காரணம் உண்மை, அதை அவன் சற்று முன்தான் சிரித்துத் தள்ளியிருந்தான். விரல் முதல் எழுத்தைத் தொட்டது. இது மாலைக்குள் ஊர்களைச் சுற்றும், நாளைக்குள் கடல் கடக்கும், யாரோ மொழிபெயர்ப்பார்கள். நரைத்த தாடிக்காரர் தன் வீட்டில் அமர்ந்து படிப்பார். மறுக்க மாட்டார். ஆம் என்பார், அப்படித்தான் என்பார். அதன் பிறகு, யாராவது பார்க்கிற தெருவில் இறங்கும்போதெல்லாம், வலது காலைச் சற்றே இழுத்து வைத்து நடப்பார்.